'என்டர் தி டிராகன்' அஃப்ரோ ஹீரோவை ஞாபகம் இருக்கா? - 70-களின் மலிவுப் படங்களும் கறுப்பின முகங்களும்

'என்டர் தி டிராகன்' படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? சண்டைப் படம் பிடிக்கும் வீடென்றால் அஞ்சாறு தடவையாவது இருக்கும். அதில் புரூஸ் லீயோட அதே தீவுக்குப் போகிற இன்னொரு ஆள் ஞாபகம் இருக்கா? தலையில் கூடைபோல அஃப்ரோ முடி, உயரமான உடம்பு, எதைப் பார்த்தாலும் அலட்டிக்காத ஒரு சிரிப்பு. படத்தில் அவர் பேர் வில்லியம்ஸ். நடித்தவர் ஜிம் கெல்லி. நிஜத்திலும் கராத்தே சாம்பியன்தான். 1971-ல் லாங் பீச்சில் நடந்த சர்வதேசப் போட்டியில் மிடில்வெயிட் பட்டம் வாங்கியவர்.

படத்தில் அவருக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் வரும். லாஸ் ஏஞ்சலஸில் கராத்தே பள்ளியிலிருந்து கிளம்பி ராத்திரி நடந்துபோவார். ரெண்டு வெள்ளை போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி, காரணமே இல்லாம வம்புக்கு இழுப்பாங்க. ரெண்டு பேரையும் அடித்துப் போட்டுட்டு, அவங்க வண்டியையே எடுத்துக்கிட்டுப் போயிடுவார். கதைக்கு அந்த சீன் அவ்வளவு அவசியம்கூட இல்லை. ஆனால், 1973-ல் அமெரிக்க நகரங்களில் படம் பார்த்த கறுப்பின இளைஞர்களுக்கு அதுதான் முக்கியமான சீன். ஏன்னா, அடி வாங்குவது எப்போதும் அவங்க பக்கம்தான். திரும்ப அடித்துவிட்டு உயிரோட நடந்து போகிற ஆளைத் திரையில் பார்ப்பது அப்போதான் பழக ஆரம்பிச்சிருந்தது.

அப்புறம் வில்லியம்ஸ் படத்தின் பாதியிலேயே செத்துப்போவார். வெள்ளைக்கார நண்பர் ரோப்பர் கடைசிவரை இருப்பார். இதையும் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க.

சமீபத்தில் தோழி ஒருத்தியுடன் பேசிக்கொண்டிருந்தபோது, "பழைய மசாலா குப்பைப் படங்கள்ல எல்லாம் என்னடி பன்முகத்தன்மை தேடுற?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். இன்னைக்கு ஓடிடி தளங்களில் எல்லா இனத்தவரும் வரிசையாக நிற்கிற போஸ்டர்களைப் பார்த்துப் பழகிட்டோம். ஆனால், 50 வருஷத்துக்கு முன்னாடி, பெரிய ஸ்டூடியோக்கள் தொடத் தயங்கிய முகங்களைத் திரையில் நடுவில் நிறுத்தியது பல நேரம் இந்த 'குப்பை'தான். அதே குப்பைதான் அந்த முகங்களை மோசமாகவும் காட்டியது. ரெண்டும் ஒரே ரீலில் இருக்கு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

'எக்ஸ்ப்ளாய்டேஷன்'னா என்ன?

'எக்ஸ்ப்ளாய்டேஷன்' என்றதும் நமக்குச் சுரண்டல் என்றுதான் தோணும். சினிமா வியாபாரத்தில் அந்த வார்த்தைக்கு முதலில் இருந்த அர்த்தம் விளம்பரம். ஒரு படத்தில் எதைக் காட்டி டிக்கெட் விற்கலாமோ அதைப் பெரிசாக்கி விற்பது. பெரிய நட்சத்திரம் இல்லை, பெரிய பணம் இல்லை; அப்போ போஸ்டரில் எதைப் போடுவீங்க? ரத்தம், கவர்ச்சி, போதை மருந்து, பேய், ஜெயில். 'அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ்' என்ற கம்பெனி தலைப்பையும் போஸ்டரையும் முதலில் தயார் பண்ணிட்டு, பிறகு அதற்கேற்ற கதையைத் தேடுவதற்குப் பேர்போனது.

1970-களின் தொடக்கத்தில் இந்த வியாபாரம் கறுப்பின ரசிகர்களைக் குறிவைத்தபோது பிறந்த வகைக்குத்தான் 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்று பேர். இந்தப் பேரை வெச்சதே அந்தப் படங்களை எதிர்த்தவர்தான். 1972-ல், கறுப்பின மக்களின் பழைமையான உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி-யின் ஹாலிவுட் கிளைக்குத் தலைவராக இருந்த ஜூனியஸ் கிரிஃபின், 'பிளாக்' என்பதையும் 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' என்பதையும் ஒட்டவைத்துத் திட்டிய திட்டு அது. திட்டு நிலைச்சுப்போய் வகைக்கே பேராயிடுச்சு.

ஸ்டூடியோக்களுக்குத் திடீர்னு ஏன் இந்தப் பாசம்?

பாசமெல்லாம் இல்லைங்க, பணக்கஷ்டம். 60-களின் கடைசியில் ஹாலிவுட் தள்ளாடிக்கொண்டிருந்தது. டி.வி வந்து குடும்பங்களை வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டது. கோடிகளைக் கொட்டி எடுத்த பிரமாண்டப் படங்கள் வரிசையாக ஊத்திக்கிச்சு. சிங்கம் கர்ஜிக்குமே, அந்த எம்.ஜி.எம் கம்பெனி 1970-ல் தன் கிடங்கில் இருந்த பழைய உடைகளையும் செட் சாமான்களையும் ஏலம் விட்டது. 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் போட்ட சிவப்பு ஷூகூட 15,000 டாலருக்குப் போனது. நகை அடகுக்குப் போற வீடு எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியுமே, அந்த நிலைமை.

இன்னொரு பக்கம், வெள்ளைக்காரக் குடும்பங்கள் நகரத்தை விட்டுப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தன. நகரத்தின் நடுவில் இருந்த பெரிய பெரிய தியேட்டர்கள் காலி. அந்தத் தியேட்டர்களுக்குப் பக்கத்தில் இப்போது குடியிருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். டிக்கெட் வாங்க ஆள் இருக்கு. அவங்களுக்கென்று படம்தான் இல்லை.

படமே இல்லையான்னு கேட்டால், சிட்னி பாய்ட்டியர் இருந்தார். 1964-ல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கியவர், பெரிய கலைஞன், சந்தேகமே இல்லை. ஆனால், அவருக்கு எழுதப்பட்ட பாத்திரங்களைப் பாருங்க. 1967-ல் வந்த 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' படத்தில் வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் பண்ண ஆசைப்படும் மாப்பிள்ளை அவர். உலகப்புகழ் பெற்ற டாக்டர், பண்பானவர், குறை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அவ்வளவு உத்தமனாக இருந்தால்தான் வெள்ளைக்கார வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காரலாம். 'வெள்ளை அமெரிக்கா ஏன் பாய்ட்டியரை இவ்வளவு நேசிக்கிறது?' என்று அதே வருஷம் நியூயார்க் டைம்ஸில் கிளிஃபோர்ட் மேசன் என்ற கறுப்பின நாடக ஆசிரியர் காரசாரமாகக் கேட்டு எழுதினார். அடுத்த வருஷம் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். தெருவில் இருந்த கோபம் திரையில் எங்கேயும் இல்லை.

பொய் சொல்லி எடுத்த படம்

அந்தக் கோபத்தை முதலில் திரைக்குக் கொண்டு வந்தவர் மெல்வின் வான் பீபிள்ஸ். 1971-ல் வெளியான 'ஸ்வீட் ஸ்வீட்பேக்ஸ் பேடாஸ் சாங்' படத்துக்கு எழுத்து, இயக்கம், இசை, எடிட்டிங், ஹீரோ எல்லாமே அவர்தான். ஸ்டூடியோ எதுவும் பணம் தரவில்லை. சொந்தக் காசு, அதோடு நடிகர் பில் காஸ்பியிடம் வாங்கிய 50,000 டாலர் கடன். மூணு வாரத்துக்குள் ஷூட்டிங் முடிஞ்சது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், தொழிற்சங்கங்களை அவர் சமாளித்த விதம். அன்றைய ஹாலிவுட் சங்கங்களில் கறுப்பினத்தவர் உள்ளே நுழைவதே கஷ்டம். சங்க ஆட்களை வைத்துத்தான் எடுக்கணும் என்றால், கேமராவுக்குப் பின்னாடி எல்லாரும் வெள்ளைக்காரர்களாகத்தான் இருப்பாங்க. அவர் என்ன பண்ணினார் தெரியுமா? 'நான் எடுக்கிறது ஆபாசப் படம்' என்று கதைகட்டி விட்டார். அந்த மாதிரிப் படங்களைச் சங்கங்கள் கண்டுகொள்வதில்லை. அந்த மறைவில், குழுவில் பாதிப் பேரைச் சிறுபான்மை இனங்களிலிருந்து சேர்த்துக்கிட்டார். பன்முகத்தன்மையைப் பற்றி இன்னைக்கு கார்ப்பரேட் கம்பெனிகள் பக்கம் பக்கமாக அறிக்கை விடுகின்றன. அன்று அதைப் பொய் சொல்லித்தான் செய்ய வேண்டியிருந்தது.

கதை சின்னது. பாலியல் விடுதியில் வளர்ந்த ஒருத்தன், ஒரு கறுப்பின இளைஞனைப் போலீஸ் அடிப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் போலீஸைத் தாக்குகிறான். அப்புறம் படம் முழுக்க ஓட்டம், மெக்ஸிகோ எல்லை வரைக்கும். இதில் புதுசு என்னன்னா, கடைசிவரை அவன் பிடிபடுவதில்லை, சாவதுமில்லை. ஆரம்பத்தில் படத்தைத் திரையிட ஒத்துக்கொண்டவை டெட்ராய்ட்டில் ஒரு தியேட்டர், அட்லான்டாவில் ஒரு தியேட்டர், அவ்வளவுதான். அப்புறம் வாய்வழியாகவே பரவி ஒன்றரைக் கோடி டாலர் வசூலித்ததாகச் சொல்லப்படுகிறது. பாட்டு போட்டவர்கள் அப்போ பெரிதாக யாருக்கும் தெரியாத 'எர்த், விண்ட் அண்டு ஃபயர்' குழு. படத்துக்கு முன்னாடியே பாட்டை வெளியிட்டு விளம்பரம் தேடினார். நம்ம ஊர் ஆடியோ ரிலீஸ் கணக்குத்தான்.

பிளாக் பேந்தர் கட்சித் தலைவர் ஹூயி நியூட்டன் இந்தப் படத்தைக் கொண்டாடி, கட்சிப் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதினார். (அடுத்த வருஷம் பம்பாயில் தொடங்கிய 'தலித் பேந்தர்ஸ்' தன் பேரை இந்தக் கட்சியிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது; நம்ம 'விடுதலைச் சிறுத்தைகள்' வரை அந்தச் சிறுத்தை வந்து சேர்ந்திருக்கு.) ஆனால், கறுப்பின மக்களின் பெரிய மாத இதழான 'எபோனி'யில் வரலாற்றாசிரியர் லெரோன் பென்னட் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். வறுமையை அழகாக்குகிறது, படுக்கையைப் புரட்சி என்று காட்டுகிறது என்பது அவர் வாதம்.

நான் யார் பக்கம்? பாதி பாதி. படத்தில் பெண்கள் வெறும் உடம்பாகத்தான் வர்றாங்க. 13 வயதே ஆன தன் மகன் மாரியோவை ஒரு படுக்கைக் காட்சியில் அவர் நடிக்கவைத்ததை எந்தக் காலகட்டத்தைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. புரட்சிப் படம் என்பதால் அந்தக் கணக்கை மறைத்துவிடக் கூடாது.

பாட்டு ஒண்ணு சொல்லுது, படம் ஒண்ணு சொல்லுது

அதே 1971-ல் எம்.ஜி.எம், 'ஷாஃப்ட்' படத்தை வெளியிட்டது. இயக்குநர் கோர்டன் பார்க்ஸ், 'லைஃப்' இதழின் முதல் கறுப்பினப் புகைப்படக்காரர். தோல் கோட் போட்ட துப்பறிவாளராக ரிச்சர்டு ரவுண்ட்ட்ரீ நியூயார்க் தெருவில் கார்களை ஒதுக்கிக்கிட்டு நடந்துவரும் அந்தத் தொடக்கக் காட்சியை இப்போ பார்த்தாலும் கெத்துதான். ஏலம் விட்டுக்கொண்டிருந்த எம்.ஜி.எம்-முக்கு இந்தப் படம் மூச்சு கொடுத்தது. ஐசக் ஹேய்ஸ் அந்தப் பாட்டுக்காக ஆஸ்கர் வாங்கினார். அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான்.

1972-ல் பார்க்ஸின் மகன் கோர்டன் பார்க்ஸ் ஜூனியர் எடுத்த 'சூப்பர் ஃப்ளை' வந்தது. இங்கேதான் சண்டையே ஆரம்பம். ஹீரோ ஒரு கொக்கைன் வியாபாரி. கடைசியா ஒரு பெரிய டீல் முடிச்சுட்டுத் தொழிலை விட்டுவிட ஆசைப்படுகிறான். அவனுடைய கார், கோட், தொப்பி எல்லாம் ஃபேஷனாச்சு. பெற்றோர்கள் கொதிச்சுப்போனாங்க. ஹெராயின் வீடு வீடாகப் பிள்ளைகளைக் காவு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. எதிர்ப்பு அமைப்புகள் ஒன்று சேர்ந்து பிளாக்ஸ்ப்ளாய்டேஷனுக்கு எதிராகக் கூட்டணியே அமைத்தன.

இதில் சுவாரஸ்யம், அந்தப் படத்துக்கு இசையமைத்த கர்ட்டிஸ் மேஃபீல்டே படத்தைப் பார்த்துவிட்டு, இது கொக்கைனுக்கு எடுத்த விளம்பரம் மாதிரி இருக்கே என்று நினைத்தவர். அவர் வேலையை விட்டுப் போகவில்லை. படம் ஹீரோவின் பளபளப்பைக் காட்டக் காட்ட, அந்த வியாபாரத்தில் நசுங்கிப்போன சின்ன ஆட்களைப் பற்றிப் பாட்டு எழுதினார். ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதல் இடத்தில் நான்கு வாரம் இருந்தது. படத்தைவிட ஆல்பத்தில்தான் அதிகக் காசு. படத்துக்குள்ளேயே இருந்துகொண்டு படத்தோடு சண்டை போட்ட இசையமைப்பாளர் வேறு யாராவது இருக்காங்களான்னு யோசித்துப் பார்த்தேன், எனக்குச் சட்டென்று யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

நடித்தவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்கணும். கால்பந்து வீரராக இருந்து நடிகரான ஃப்ரெட் வில்லியம்சனுக்கு 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்ற வார்த்தையே பிடிக்காது. யாரைச் சுரண்டினாங்க, எங்களுக்கு வேலை கிடைத்தது, சம்பளம் கிடைத்தது என்று அவர் பல பேட்டிகளில் கேட்டிருக்கிறார். படம் ஒப்புக்கொள்ள அவர் போட்ட நிபந்தனைகள் பிரபலம்: படத்தில் நான் சாகக் கூடாது, சண்டையில் நான்தான் ஜெயிக்கணும். நம்ம மாஸ் ஹீரோக்கள் இப்படிச் சொன்னால் சிரிப்போம். கறுப்பினப் பாத்திரம் பாதியில் செத்துப்போவதே வழக்கமாக இருந்த ஒரு சினிமாவில் அது வெறும் பந்தா இல்லை. (வில்லியம்ஸ் ஞாபகம் இருக்குல்ல?)

வேலை என்றதும் இன்னொன்று. கறுப்பின நடிகருக்கு டூப் போடும்போது என்ன பண்ணுவாங்க தெரியுமா? வெள்ளைக்கார ஸ்டன்ட் ஆளின் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி அனுப்பிடுவாங்க. இதை எதிர்த்து 1967-ல் கறுப்பின ஸ்டன்ட் கலைஞர்கள் தனிச் சங்கமே ஆரம்பிச்சாங்க. திரையில் முகம் தெரிவது மட்டும் பிரதிநிதித்துவம் இல்லை, காரிலிருந்து குதித்துக் கைகாலை உடைத்துக்கொள்ளும் கூலியும் அதில் சேர்த்திதான்.

ரிசப்ஷனிஸ்ட் நாற்காலியிலிருந்து

இப்போ நான் எழுத ஆசைப்பட்ட ஆளுக்கு வர்றேன். பாம் க்ரியர். 1949-ல் பிறந்தவர். அப்பா விமானப்படையில், அம்மா நர்ஸ். லாஸ் ஏஞ்சலஸ் வந்து, மேலே சொன்ன அந்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் ஆபீஸிலேயே போன் எடுத்துப் பேசும் வேலையில் இருந்தார். அங்கிருந்து 1971-ல் 'தி பிக் டால் ஹவுஸ்' படத்தில் நடிக்கப் பிலிப்பைன்ஸ் போனார்.

அது பெண்கள் சிறைப் படம். ஷவர் காட்சி, சித்திரவதை, சேற்றில் கட்டிப்புரளும் சண்டை. போஸ்டரைப் பார்த்தாலே என்ன விற்கிறாங்கன்னு தெரிஞ்சிடும். செலவு குறைவு என்பதால் ரோஜர் கோர்மன் போன்ற தயாரிப்பாளர்கள் படக்குழுவைப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே மார்கோஸின் ஆட்சி. நிஜ சர்வாதிகாரத்தின் நிழலிலேயே, பெயர் தெரியாத கற்பனை சர்வாதிகாரத்துக்கு எதிராகப் பெண்கள் துப்பாக்கி தூக்கும் படங்களை எடுத்தாங்க. அந்தப் படங்களில் கறுப்பினப் பெண்ணும் வெள்ளைப் பெண்ணும் ஒரே ஜெயில் அறையில் சமமாக அடித்துக்கொண்டார்கள். அதுவே பெரிய ஸ்டூடியோ படங்களில் கிடைக்காத ஒன்று. ஆனால், பிலிப்பைன்ஸ் மக்கள்? காவலாளி, கைதி, சுடப்பட்டு விழும் கூட்டம். அவங்க மண்ணில் எடுத்த படத்தில் அவங்களுக்குப் பின்னணிதான். யாருக்கு இடம் கிடைக்குது என்று கேட்கும்போது யாருடைய இடத்தில் என்றும் கேட்க வேண்டியிருக்கு.

1973-ல் 'காஃபி'. இதன் பின்கதை ஒரு வியாபாரப் போட்டி. 'கிளியோபாட்ரா ஜோன்ஸ்' என்ற கதை அமெரிக்கன் இன்டர்நேஷனலுக்கு வருவதாக இருந்தது, கடைசியில் வார்னர் பிரதர்ஸுக்குப் போயிடுச்சு. கடுப்பான கம்பெனி, இயக்குநர் ஜாக் ஹில்லைக் கூப்பிட்டு, கறுப்பினப் பெண் பழிவாங்கும் கதை ஒன்றை அதற்கு முன்னாடி எடுத்துத் தரச் சொன்னது. சுமார் 5 லட்சம் டாலரில் எடுத்து முடித்து, வார்னரை முந்திக்கொண்டு ரிலீஸ் பண்ணிட்டாங்க. ஆக, அமெரிக்க ஆக்‌ஷன் சினிமாவில் கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த முதல் பெரிய இடங்களில் ஒன்று, ரெண்டு கம்பெனிகளின் வீம்பில் கிடைத்தது.

காஃபி ஒரு நர்ஸ். தங்கையைப் போதைக்கு அடிமையாக்கியவர்களைத் தேடிப் போகிறாள். அஃப்ரோ முடிக்குள் பிளேடுகளை ஒளித்துவைத்திருப்பாள், முடியைப் பிடித்து இழுக்கிறவர்களின் கை கிழியும். பாதிப் படம் அவளை ஆடையில்லாமல் காட்டக் காரணம் தேடிக்கொண்டே இருக்கும். மீதிப் பாதியில், அவள் நம்பியிருந்த காதலன், அதாவது சொந்த சமூகத்து அரசியல்வாதியே, போதைக் கும்பலிடம் காசு வாங்குபவன் என்று தெரியவரும். மேடையில் இனத்தின் விடுதலை பற்றிப் பேசுகிறவன் அவன். படத்தின் கடைசித் துப்பாக்கிச்சூடு அவனுக்குத்தான். ஹாஸ்டல் கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்து முதல்முறை பார்த்தபோது, அரைமணி நேரம் 'என்ன கொடுமை இது' என்று முகம் சுளித்த நான், அந்தக் கடைசி சீனில் எழுந்து உட்கார்ந்தேன். நான் டிப்ளமோ படித்த இடத்தில் உலக சினிமா வகுப்பே இருந்தது. இந்தப் படங்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

அடுத்த வருஷம் 'ஃபாக்ஸி பிரவுன்'. 1975-ல், பெண்ணிய இதழான 'மிஸ்' பாம் க்ரியர் படத்தை அட்டையில் போட்டது. பெண்ணியவாதிகளே அவரை எப்படி எடுத்துக்கொள்வது என்று குழம்பிய காலம். உடம்பை விற்கும் படத்தில் இருக்கும் பெண், அதே படத்தில் யாருக்கும் பயப்படாதவளாகவும் இருக்கிறாள். எனக்கு அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை.

யாரை மிதிச்சு ஏறினாங்க?

ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்லணும். ஒரு கூட்டத்துக்கு இடம் கொடுத்த இந்தப் படங்கள் இன்னொரு கூட்டத்தைச் சிரிப்புக்குப் பயன்படுத்தின. 'கிளியோபாட்ரா ஜோன்ஸ்' படத்தில் 6 அடி 2 அங்குல உயர டமாரா டாப்சன் அரசாங்க ஏஜென்ட். ஒவ்வொரு உடையிலும் ராணி. அவருக்கு எதிரில் நிற்கும் வில்லி ஒரு தன்பாலீர்ப்புப் பெண், அதுவே அவள் கேவலமானவள் என்பதற்கு அடையாளம். அடுத்த பாகத்திலும் வில்லி அதே வார்ப்புதான்.

இதைவிட விசித்திரம் 1972-ல் வந்த 'பிளாக்குலா'. பேரைக் கேட்டுச் சிரிக்காதீங்க. இயக்குநர் வில்லியம் கிரெய்ன் கறுப்பினத்தவர். ஹீரோ வில்லியம் மார்ஷல், மேடையில் ஒதெல்லோ நடித்துப் பேர் வாங்கிய கம்பீரக் குரல்காரர். வெறும் கறுப்பு டிராகுலாவாக நடிக்க அவருக்கு இஷ்டமில்லை, பாத்திரத்துக்கு ஒரு கௌரவமான பின்கதை வேண்டும் என்று வற்புறுத்தினார். அதனால்தான் படம் 1780-ல் தொடங்குகிறது. மமுவால்டே என்ற ஆப்பிரிக்க இளவரசன், அடிமை வியாபாரத்தை ஒழிக்க உதவி கேட்டு டிராகுலா பிரபுவின் கோட்டைக்குப் போகிறான். டிராகுலா அவனை அவமானப்படுத்தி, கடித்து, சவப்பெட்டியில் அடைத்து, தன் பேரையே ஒட்டவைத்து 'பிளாக்குலா' என்று பட்டம் கட்டுகிறான். எஜமான் அடிமைக்குப் பேர் வைக்கிற வழக்கத்தை ஒரு பேய்ப் படம் இப்படிக் காட்டுகிறது!

அந்தச் சவப்பெட்டியை 200 வருஷம் கழித்து வாங்கி லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுவருவது யார்? ஒரு கறுப்பின ஆணும் ஒரு வெள்ளை ஆணும், காதல் ஜோடி. 1972-ல் இப்படி ஒரு ஜோடியைத் திரையில் பார்ப்பதே அபூர்வம். படம் அவங்களை நக்கலுக்கு வைத்துக்கொண்டு முதல் பலியாகக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு மற்ற பாத்திரங்கள் அவங்களைப் பற்றிப் பேசும் வார்த்தைகள் இன்னைக்குக் காதில் கேட்க முடியாதவை. அடிமை வியாபாரத்தின் வலியை அவ்வளவு நுட்பமாகத் தொட்ட அதே திரைக்கதை இது.

பெட்டியில் பூட்டிவைத்த படங்கள்

'பிளாக்குலா' ஓடியதும், இன்னொரு கம்பெனி நாடகக்காரரும் எழுத்தாளருமான பில் கன்னிடம் ஒரு ரத்தக்காட்டேரிப் படம் கேட்டது. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு, மதம், அடிமைத்தனம், கலை எல்லாவற்றையும் கேள்வி கேட்கும் 'கஞ்சா அண்டு ஹெஸ்' என்ற படத்தைக் கொடுத்தார். 1973-ல் கான் விழாவில் விமர்சகர்கள் பிரிவில் திரையிட்டார்கள். அமெரிக்காவில் தயாரிப்பாளர்கள் அதை வெட்டி ஒட்டி, வேறு பேரில் மலிவுப் பேய்ப் படமாக விற்றார்கள். முழுப் படத்தின் பிரிண்ட் ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்ததால் தப்பித்தது.

அதே வருஷம் ஐவன் டிக்சன் இயக்கிய 'தி ஸ்பூக் ஹூ சாட் பை தி டோர்'. சி.ஐ.ஏ தன் முதல் கறுப்பின அதிகாரியைக் கணக்குக் காட்டுவதற்காகச் சேர்த்துக்கொண்டு, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்காரவைக்கிறது. அவர் பயிற்சியை எல்லாம் கற்றுக்கொண்டு வேலையை விட்டு வந்து, சிகாகோ இளைஞர்களுக்கு அதே கொரில்லாப் போரைச் சொல்லித்தருகிறார். 'எங்க ஆபீஸிலும் ஒருத்தர் இருக்கார் பாருங்க' என்று போட்டோவுக்கு ஆள் வைக்கும் வழக்கத்தை இவ்வளவு சூடாகக் கிண்டலடித்த படம் அபூர்வம். கொஞ்ச நாளிலேயே தியேட்டர்களிலிருந்து காணாமல்போனது. 2004-ல் டி.வி.டி வந்தது, 2012-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். 'ஷாஃப்ட்', 'ஸ்வீட்பேக்', 'சூப்பர் ஃப்ளை' மூன்றும் இப்போ அதே பதிவேட்டில்தான்.

அலை 70-களின் நடுவிலேயே அடங்கிடுச்சு. எதிர்ப்பு ஒரு காரணம், ஒரே மாவை அரைத்தது இன்னொரு காரணம். வழக்கமாகச் சொல்லப்படும் மூன்றாவது காரணம்தான் எனக்கு உறுத்தல்: 'தி காட்ஃபாதர்', 'தி எக்ஸார்சிஸ்ட்' படங்களுக்கும் கறுப்பின ரசிகர்கள் திரளாக வருவதை ஸ்டூடியோக்கள் கவனித்தன. அப்புறம் எதுக்குத் தனியா படம்? டிக்கெட் காசு எப்படியும் வருதே. கம்பெனிகள் நிமிர்ந்துட்டாங்க, அவங்களை நிமிர்த்தியவர்கள் வேலை தேடினாங்க.

பில் கன் 1989-ல் இறந்தார். அதற்கு முன் 1982-ல், கேத்லீன் காலின்ஸ் என்ற கறுப்பினப் பெண் இயக்குநரின் 'லூசிங் கிரவுண்ட்' படத்தில் நடித்தார். ஒரு தத்துவப் பேராசிரியையின் கல்யாண வாழ்க்கைதான் கதை. துப்பாக்கி, போதை எதுவும் கிடையாது. அவரோடு அதில் நடித்தவர் டுவேன் ஜோன்ஸ், 'கஞ்சா அண்டு ஹெஸ்' ஹீரோ. 1968-ல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில், ராத்திரி முழுக்கப் பிணங்களோடு போராடித் தப்பித்துவிட்டு, விடிந்ததும் வெள்ளைக்காரத் தேடுதல் கூட்டத்தால் சுடப்பட்டுச் சாவாரே, அவர்தான். 'லூசிங் கிரவுண்ட்' தியேட்டர்களுக்கு ஒழுங்காக வந்தது 2015-ல். காலின்ஸ் 1988-லேயே இறந்துவிட்டார்.

பாம் க்ரியர் 80-களில் சின்னச் சின்ன வேஷங்களில் வந்துபோனார். 1997-ல் குவென்டின் டாரன்டினோ, எல்மோர் லியனார்டின் நாவலில் வெள்ளைக்காரியாக இருந்த நாயகியைப் பாம் க்ரியருக்காக மாற்றி, 'ஜாக்கி பிரவுன்' எடுத்தார். நடுத்தர வயது, சம்பளம் பத்தாத விமானப் பணிப்பெண். அந்தப் படத்தில் அவரை ஆடையில்லாமல் காட்ட யாருக்கும் காரணம் தேவைப்படவில்லை.

இந்த வாரக் கடைசியில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கு என்றால் 'காஃபி'யும் வேண்டாம், 'ஷாஃப்ட்'டும் வேண்டாம். எல்விஸ் மிட்செல் எடுத்த 'இஸ் தட் பிளாக் இனஃப் ஃபார் யூ?!?' என்ற 2022 ஆவணப்படம் நெட்ஃப்ளிக்ஸுக்காக எடுக்கப்பட்டது; நான் சொல்லாமல் விட்ட நிறைய படங்கள் அதில் இருக்கு. பிள்ளைகளோட பார்க்காதீங்க.

ஜிம் கெல்லி? 'என்டர் தி டிராகன்' ஹிட்டானதும் வார்னர் பிரதர்ஸ் ஒப்பந்தம் போட்டது, 1974-ல் 'பிளாக் பெல்ட் ஜோன்ஸ்' படத்தில் தனி ஹீரோ ஆனார். பத்து வருஷத்துக்குள் எல்லாம் வடிஞ்சுபோச்சு. வந்த கதைகள் பிடிக்காததால் ஒதுங்கிக்கொண்டதாகப் பின்னாளில் பேட்டியில் சொன்னார். டென்னிஸ் பக்கம் போய், சீனியர் போட்டிகளில் ஆடி, 2013-ல் இறந்தார். அடுத்த தடவை டி.வி-யில் அந்தப் படம் ஓடும்போது, படகில் போகும் காட்சியைக் கொஞ்சம் கவனியுங்க. ஹாங்காங் துறைமுகத்தில் படகுகளிலேயே குடும்பம் நடத்தும் ஏழை மக்களை எல்லாரும் கடந்து போவாங்க. திரும்பிப் பார்த்து, சேரிகள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் என்கிற அர்த்தத்தில் பேசுவது வில்லியம்ஸ் மட்டும்தான்.